டோக்கன் இப்போது யார் கையில்?

பார்க்க பென்டிரைவ் மாதிரியே இருக்கும். ஆனால் பென்டிரைவ் இல்லை. எந்த ஆடிட்டர் ஆபீசிலும் மேசை டிராயரைத் திறந்தால், பெயர் எழுதிய துண்டுச்சீட்டு ஒட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வரிசையாகக் கிடக்கும். டி.எஸ்.சி. டோக்கன் என்பார்கள். டிஜிட்டல் கையெழுத்து உள்ளே இருக்கும் யூ.எஸ்.பி. சாதனம்.

பி.காம். பாடத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 என்று ஒரு அத்தியாயம் வரும். டிஜிட்டல் கையெழுத்துக்கும் பேனா கையெழுத்துக்கும் சட்டத்தின் முன் ஒரே மதிப்பு என்று படித்து, ஐந்து மார்க் வாங்கிக்கொண்டு மறந்துவிடுவார்கள். 2006-ல் கம்பெனி விவகார அமைச்சகம் எம்.சி.ஏ.21 திட்டத்தைக் கொண்டுவந்த பிறகு அது ஐந்து மார்க் சமாச்சாரம் இல்லை. கம்பெனியின் வருடாந்திரக் கணக்கைத் தாக்கல் செய்ய டைரக்டரின் டோக்கன் கம்ப்யூட்டரில் செருகியிருக்க வேண்டும். செருகினாலும் சில நேரம் கம்ப்யூட்டர் "அப்படி ஒன்றும் இல்லையே" என்கும். அதுவும் விர்ச்சுவல் மெஷினுக்குள் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி இரட்டிப்பு.

அந்தத் தலைவலி எங்கிருந்து வருகிறது, எப்படித் தீர்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. பாடம் மாதிரி போகாமல் இருக்க, கதையை ஏற்காட்டுக்குக் கொண்டுபோகலாம்.

மலை மேல் ஒரு ஆபீஸ்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இன்றுவரை காபியும் மிளகும்தான் மலையின் கணக்குப் புத்தகம். எஸ்டேட்டுகளில் சில தனி நபர்களுடையவை, சில பங்குதாரர் நிறுவனங்கள், சில பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள்.

அப்படி ஒரு கம்பெனி எஸ்டேட்டின் ஆபீசைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தகர ஓடு, ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம், உள்ளே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் ரைட்டர். (எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை, கணக்கு எழுதுகிறவர்!)

நவம்பர் மாதம் அவருக்குப் பொல்லாத மாதம். அராபிகா பழுக்க ஆரம்பித்து ஆட்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள். எடை போட வேண்டும், கூலி எழுத வேண்டும். அதே நேரத்தில் கம்பெனிச் சட்டத்தின் கெடுவும் கழுத்துக்கு வரும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனி செப்டம்பர் 30-க்குள் வருடாந்திரப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். கூட்டம் முடிந்து 30 நாளில் ஏ.ஓ.சி.-4, 60 நாளில் எம்.ஜி.டி.-7. அரசு கெடுவை நீட்டிக்காத ஆண்டில் முதலாவது அக்டோபர் கடைசி, இரண்டாவது நவம்பர் கடைசி. தவறினால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம், 2018 ஜூலை முதல். உச்சவரம்பு கிடையாது. இரண்டு படிவம் பத்து நாள் தாமதம் என்றால் 2,000 ரூபாய். டோக்கன் தெரியவில்லை என்று சொன்னால் யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

ஏன் விர்ச்சுவல் மெஷின்?

ரைட்டரின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது அதிசயமில்லை. சென்னை சி-டாக் மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் 2007 முதல் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோசோடு அதையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஒரு தலைமுறையே லினக்சை முதலில் பார்த்தது அந்த லேப்டாப்பில்தான். (பார்த்துவிட்டு விண்டோசுக்குப் போனவர்கள்தான் அதிகம் என்பது வேறு விஷயம் :-) )

ஆனால் பழைய கணக்கு சாஃப்ட்வேர், டோக்கனோடு வரும் டிரைவர், கையெழுத்து போடும் சிறு நிரல் எல்லாம் பெரும்பாலும் விண்டோசை மனதில் வைத்துச் செய்தவை. ஆகவே லினக்சுக்கு உள்ளே விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்கு உள்ளே ஒரு விண்டோஸ். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர். வெளியே இருப்பது ஹோஸ்ட், அதாவது வீட்டுக்காரர். உள்ளே இருப்பது கெஸ்ட், விருந்தாளி.

விருந்தாளிக்கு வீட்டில் சொந்தமாக எதுவும் இல்லை. அவர் பார்க்கும் ஹார்ட் டிஸ்க், வீட்டுக்காரரின் டிஸ்க்கில் உள்ள ஒரு பெரிய கோப்பு. அவருடைய நெட்வொர்க் கார்டு ஒரு பாவனை. டிஸ்க்கைப் பங்கு போடலாம், இன்டர்நெட்டைப் பங்கு போடலாம். யூ.எஸ்.பி. சாதனத்தை மட்டும் பங்கு போட முடியாது.

ஒரு சாவி, ஒரு கை

ஒரு யூ.எஸ்.பி. சாதனத்தைச் செருகியதும் கம்ப்யூட்டர் அதனிடம் விவரம் கேட்கும். "தயாரிப்பாளர் எண் என்ன, பொருள் எண் என்ன, நீ என்ன வகை?" சாதனம் பதில் சொல்லும். கம்ப்யூட்டர் அதற்கு ஒரு முகவரி கொடுத்து, பொருத்தமான டிரைவரிடம் ஒப்படைக்கும். அந்த நொடியிலிருந்து அந்தச் சாதனத்தோடு பேசும் உரிமை அந்த டிரைவருக்குத்தான்.

விர்ச்சுவல்பாக்சில் டோக்கனின் பெயருக்கு எதிரே டிக் போட்டால், வீட்டுக்காரரின் டிரைவரிடமிருந்து சாதனம் பிடுங்கப்படுகிறது. வீட்டுக்காரரைப் பொறுத்தவரை யாரோ டோக்கனைக் கழற்றிவிட்டார்கள். அடுத்த நொடி விருந்தாளிக்குள் யாரோ டோக்கனைச் செருகியது போல ஒரு மணி அடிக்கும். உண்மையில் கை எதையும் தொடவில்லை.

குடோன் சாவி மாதிரிதான். ஒரே சாவி. கண்டக்டர் கையில் இருந்தால் ரைட்டர் கையில் இல்லை. கணக்குப் பாஷையில் சொன்னால், ஒரே ரூபாயை இரண்டு பேரேட்டில் வரவு வைக்க முடியாது. விர்ச்சுவல் மெஷினில் வரும் யூ.எஸ்.பி. கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். "சாதனம் வேலை செய்யவில்லை" என்பது பாதி நேரம் "சாதனம் வேறு யாரிடமோ இருக்கிறது" என்பதுதான்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது "என்ன கெட்டுப்போச்சு?" இல்லை. "இப்போ யார்கிட்ட இருக்கு?"

ஒவ்வொரு படியாக

ரைட்டர் சேலத்தில் உள்ள ஆடிட்டர் ஆபீசுக்குப் போன் போடுகிறார். எடுப்பவர் அங்கே ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் பையன்.

"தம்பி, டோக்கன் காட்டவே மாட்டேங்குது. கழட்டிக் கழட்டிப் போட்டுப் பார்த்துட்டேன்."

"கழட்டாதீங்க சார். முதல்ல லினக்ஸுக்கு அது தெரியுதான்னு பாருங்க."

பையன் சரியான இடத்தில்தான் ஆரம்பிக்கிறான். வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொரு வாசலாகப் போக வேண்டும்.

1. வீட்டுக்காரருக்குத் தெரிகிறதா? லினக்சில் யூ.எஸ்.பி. சாதனங்களைப் பட்டியலிடும் எல்.எஸ்.யூ.எஸ்.பி. கட்டளையைக் கொடுத்தால் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் வரும். வரவில்லை என்றால் விர்ச்சுவல் மெஷினைத் திட்டிப் பயனில்லை. கோளாறு போர்ட்டில், எக்ஸ்டென்ஷன் கேபிளில், அல்லது மின்சாரம் போதாத ஹப்பில். டோக்கனை நேராகக் கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். பனியும் ஈரமும் உள்ள ஊரில் உலோக முனைகள் கறுத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

2. வீட்டுக்காரருக்குத் தெரிகிறது, ஆனால் விர்ச்சுவல்பாக்சின் யூ.எஸ்.பி. மெனு காலி. லினக்சில் இதற்கு ஒரு பிரசித்தி பெற்ற காரணம் உண்டு. பயனரின் பெயர் விபாக்ஸ்யூசர்ஸ் என்ற குழுவில் இல்லை. குழுவில் சேர்த்தால் மட்டும் போதாது, லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். பலர் இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் "சேர்த்தும் வரவில்லை" என்று புலம்புவார்கள். விண்டோஸ் ஹோஸ்ட்டாக இருந்தால், விர்ச்சுவல்பாக்சின் சொந்த யூ.எஸ்.பி. டிரைவர் சரியாக நிறுவப்படாமல் இருக்கலாம். மறுபடி நிறுவி, கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் தீரும்.

3. மெனுவில் பெயர் இருக்கிறது, டிக் போட்டால் "பிஸி" என்று பிழைச்செய்தி. சாவி வேறு கையில் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. டி.எஸ்.சி. டோக்கனை லினக்ஸ் ஒரு ஸ்மார்ட் கார்டாகப் பார்க்கும். பி.சி.எஸ்.சி.டி. என்ற சேவை அதைச் செருகிய உடனே பிடித்துக்கொள்ளும். அந்தச் சேவையை நிறுத்த வேண்டும். நிறுத்தினாலும், அதன் சாக்கெட் திறந்திருந்தால் யாராவது கூப்பிட்ட உடனே எழுந்து உட்கார்ந்துவிடும்; அதையும் சேர்த்து நிறுத்த வேண்டும். பென்டிரைவாக இருந்தால் முதலில் லினக்சில் அன்மவுண்ட் செய்துவிட்டுத்தான் விருந்தாளியிடம் கொடுக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கோப்பு போய்விடும்.

4. விருந்தாளிக்குள் போய்விட்டது, ஆனால் "அடையாளம் தெரியாத சாதனம்". இப்போது கோளாறு உள்ளே. டோக்கனின் டிரைவரை லினக்சில் அல்ல, உள்ளே இருக்கும் விண்டோசில் நிறுவ வேண்டும். இன்னொரு காரணம், யூ.எஸ்.பி. கண்ட்ரோலர். விர்ச்சுவல் மெஷினின் அமைப்பில் 1.1, 2.0, 3.0 என்று மூன்று இருக்கும். விண்டோஸ் 7-க்கு யூ.எஸ்.பி. 3.0-வைத் தானாகத் தெரியாது. அதில் 3.0-வைத் தேர்ந்தெடுத்துவிட்டு டோக்கனைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 2.0-வுக்கு மாற்றினால் போதும். கையெழுத்துப் போட வேகம் வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0-க்கு (2022) முன்பு 2.0-வும் 3.0-வும் வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் பேக் என்று ஒன்றைத் தனியாக நிறுவ வேண்டும். அந்தப் பேக் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் இலவசம், கம்பெனி உபயோகத்துக்கு இல்லை. ஆடிட் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய வரி இது!

5. டோக்கன் தெரிகிறது, சான்றிதழும் தெரிகிறது, ஆனால் இணையதளம் "டோக்கன் இல்லை" என்கிறது. பிரவுசர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். டோக்கன் உள்ளே, பிரவுசர் வெளியே என்றால் அவை இரண்டும் இரண்டு வெவ்வேறு கம்ப்யூட்டர்கள். ஜி.எஸ்.டி. தளத்துக்கு வேண்டிய எம்-சைனர் நிரலும் பிரவுசரும் டோக்கனும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றும் உள்ளே, அல்லது மூன்றும் வெளியே.

6. வருகிறது, திடீரென்று மறைகிறது. ஒவ்வொரு முறையும் டிக் போடுவதற்குப் பதில் ஃபில்டர் வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணுள்ள சாதனம் வந்தால் நேராக விருந்தாளியிடம் அனுப்பு என்ற நிரந்தர உத்தரவு அது. ஆனால் சில சாதனங்கள் வேஷம் மாற்றும். சிம் போட்ட பழைய டேட்டா கார்டுகள் நினைவிருக்கிறதா? செருகியதும் சிடி டிரைவ் மாதிரி வந்து, கொஞ்ச நேரத்தில் மோடமாக மாறும். மாறும்போது பல மாடல்களில் பொருள் எண்ணும் மாறிவிடும். பழைய எண்ணுக்கு மட்டும் ஃபில்டர் வைத்திருந்தால், வேஷம் மாறிய நொடியில் அது வீட்டுக்காரரிடம் திரும்பிப் போய்விடும். தயாரிப்பாளர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கட்டங்களைக் காலியாக விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ரைட்டருக்கு மூன்றாவது வாசலில் கோளாறு. சேவையை நிறுத்தியதும் டோக்கன் உள்ளே போய்விட்டது.

"வந்துருச்சு தம்பி! பின் நம்பர் கேக்குது. எது போடட்டும்? பழசா, புதுசா?"

"சார், சார்... தெரியாம போடாதீங்க. தப்பாப் போட்டுக்கிட்டே இருந்தா லாக் ஆயிரும்."

இதுவும் உண்மை. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பின்னைத் தவறாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். பல நேரம் புது சான்றிதழ்தான் வாங்க வேண்டியிருக்கும். யூ.எஸ்.பி. கோளாறை அரை மணியில் சரி செய்துவிடலாம். அவசரத்தில் போட்ட பின்னுக்குச் சில நாள் போய்விடும்.

தூரத்தில் இருக்கும் டோக்கன்

இப்போது கதை கொஞ்சம் சிக்கலாகிறது. பின் நம்பரை ரைட்டரிடம் யார் கொடுத்தது? டைரக்டர்தான். அவர் மலையில் இல்லை, வேறு ஊரில் இருக்கிறார். அடுத்த முறை வேறு வழி பார்க்கலாம் என்று பையன் சொல்கிறான். ரைட்டர் தன் கம்ப்யூட்டரில் டோக்கனைச் செருகி வைத்தால் போதும், ஆடிட்டர் ஆபீசிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று.

முதல் முயற்சியில் இது வேலை செய்யாது. விண்டோசின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்தால், தூரத்துக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் ஸ்மார்ட் கார்டு தெரியாது. நுழைகிறவரின் பக்கத்தில் செருகியது மட்டும்தான் தெரியும். டோக்கன் கண் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், திரையில் இருக்காது. இதைக் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்காக டிரைவரை அழித்து நிறுவுகிறவர்கள் உண்டு. அது கோளாறில்லை, அமைப்பே அப்படி. மைக்ரோசாஃப்ட் அப்படி வைத்ததில் ஒரு நியாயமும் இருக்கிறது. டோக்கனும் அதைப் பயன்படுத்தும் மனிதரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

சுற்றுவழிகள் இருக்கின்றன. திரையை மட்டும் பகிரும் மென்பொருள்கள் உண்டு. யூ.எஸ்.பி. சாதனத்தையே நெட்வொர்க் வழியாக வேறொரு ஊருக்கு அனுப்பும் மென்பொருள்களும் உண்டு. ஏற்காட்டில் செருகிய டோக்கன் சேலத்துக் கம்ப்யூட்டரில் "செருகப்படும்". தொழில்நுட்பமாகப் பார்த்தால் விர்ச்சுவல் மெஷினில் டிக் போடுவதும் இதுவும் ஒரே தந்திரம்தான். ஒன்றில் டோக்கன் அதே கம்ப்யூட்டருக்குள் கை மாறுகிறது, மற்றதில் முப்பது கிலோமீட்டர் தாண்டுகிறது.

ஆனால் சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. டோக்கனுக்குள் இருப்பது டைரக்டரின் தனிச் சாவி. அது டோக்கனை விட்டு வெளியே வராதபடி செய்யப்பட்டது. ஆவணத்தின் சுருக்கம் உள்ளே போகும், கையெழுத்தாகி வெளியே வரும், சாவி உள்ளேயே இருக்கும். இவ்வளவு பத்திரமாகச் செய்ததை, பின் நம்பரைப் போனில் சொல்லி ஒரே நிமிடத்தில் கெடுத்துவிடலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, தனிச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தக்க கவனம் எடுப்பது சான்றிதழ்தாரரின் கடமை என்கிறது. சாவி கை மாறியது தெரிந்தால் சான்றளிக்கும் நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்வரை பொறுப்பு அவருடையதே. இன்னொருவரின் மின் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்துகிறவருக்கு 66-சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ரைட்டர் மோசடிக்காரர் இல்லை. பையனும் இல்லை. டைரக்டரும் நம்பிக்கையில்தான் கொடுத்தார். தினமும் இப்படித்தான் நடக்கிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் ஒருநாள் ஒரு படிவத்தில் "இந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை" என்று டைரக்டர் சொல்லும் நிலை வந்தால், டோக்கன் அன்று யார் கையில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விர்ச்சுவல் மெஷினின் பதிவேட்டில் சாதனம் எப்போது உள்ளே போனது என்று வேண்டுமானால் இருக்கும். யார் விரல் பின் நம்பரைத் தட்டியது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

வணிகவியலில் உள்கட்டுப்பாடு என்று ஒரு பாடம் உண்டு. பணப்பெட்டிச் சாவி வைத்திருப்பவர் கேஷ் புக் எழுதக் கூடாது என்று ஆரம்பிக்கும். டோக்கனும் பணப்பெட்டிச் சாவிதான், அளவு மட்டும் சிறிசு. எஸ்டேட் ஆபீசில் குடோன் சாவிக்கு ஒரு நோட்டு இருக்கும். தேதி, நேரம், வாங்கியவர், திருப்பிக் கொடுத்தவர் என்று கோடு போட்டு எழுதியிருப்பார்கள். டோக்கனுக்கும் அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டால் செலவு இருபது ரூபாய். பின் நம்பர் டைரக்டரிடமே இருக்கட்டும். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே நாள் குறித்து, அவரே வந்து தட்டட்டும். வர முடியாதவர் டோக்கனைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ரைட்டர் தயார் செய்து அனுப்பும் படிவத்தில் இருந்த இடத்திலிருந்தே கையெழுத்துப் போடலாம்.

அதற்குப் பிறகும் டோக்கன் திரையில் தெரியாமல் போகும் நாட்கள் வரும். அப்போது மேலே சொன்ன ஆறு வாசலையும் வரிசையாகத் தட்டலாம். நோட்டில் எழுதிய பெயரும் திரையில் காட்டும் இடமும் ஒத்துப்போனால், அன்று கேட்க வேண்டிய கேள்வி டிரைவரைப் பற்றியதாக மட்டுமே இருக்கும்.